லொறி கிழடானதல்ல, கைவிடப்பட்டது

“தோட்டத்து லொறி பழுதானால் துரைக்குத்தான் தலைவலி. நமக்கென்ன?” சம்பளம், வீடு, காணி என்று ஆயிரம் பிரச்சினை இருக்க, சங்கம் ஏன் ஒரு பழைய டீசல் லொறியின் பின்னால் ஓடுகிறது என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நேராகப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

லொறி நிர்வாகத்தின் சொத்து. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதன் பின்தட்டில் ஏறிப் போவது நாம். அது இழுத்து வரும் தண்ணீரைக் குடிப்பது நம் பிள்ளைகள். அது நின்றுபோன நாளில் அரைப் பேர் விழுவது நம் கணக்கில். சொத்து அவர்களுடையது, ஆபத்து நம்முடையது. அப்படியென்றால் அந்த எஞ்சினைப் பற்றிப் பேச நமக்குத்தான் முதல் உரிமை.

அந்த லொறி எதை இழுக்கிறது?

தென்னந்தோட்ட வேலை தெரியாதவர்கள் லொறி தேங்காய் ஏற்றுவதற்கு மட்டும் என்று நினைப்பார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பறிப்பு, வருடத்துக்கு ஆறு பறிப்பு. பறித்த காய்களைப் பெண்கள் பொறுக்கிக் குவிக்க, லொறி ட்ரெயிலரைக் கொழுவிக்கொண்டு துண்டு துண்டாகப் போய் ஏற்றி வரவேண்டும். மட்டை உரிக்காத காய் ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் வரும். இரண்டாயிரம் காய் ஏற்றினால் இரண்டு தொன்னைத் தாண்டிவிடும். அதையும் இழுத்துக்கொண்டு சக்கரம் புதையும் மணலில் வரவேண்டும். காய் வந்து சேராவிட்டால் உரிப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டியதுதான். அவர்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. உரிக்காத காய்க்கு ஒரு சதமும் இல்லை.

அதே லொறிதான் ட்ரெயிலரைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் பவுசரைக் கொழுவுகிறது. புத்தளம் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. முந்தல் களப்பை அண்டிய கிணறுகள் கோடை முற்றும்போது சவர்த்துப் போகின்றன. அந்தத் தண்ணீரில் குளிக்கலாம், துணி அலசலாம். சோறு பொங்க முடியாது, குழந்தைக்குப் பால் கரைக்க முடியாது. பவுசர் வந்தால்தான் லயத்தில் அடுப்பு எரியும்.

பவுசர் வராத நாள் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் தோட்டப் பாடசாலை இடாப்பே சாட்சி. தண்ணீர் வராத நாட்களையும் பிள்ளைகள் வராத நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். இரண்டும் ஒன்றாகவே போகின்றன. அதிலும் வராமல் நிற்பது பெரும்பாலும் பெண் பிள்ளைகள். தாய் வேலைக்குப் போய்விடுவாள்; குடத்தையும் கேனையும் தூக்கிக்கொண்டு பெரிய வீதிக் குழாய்க்கு நடப்பது மூத்த மகள். லொறியில் ஒரு சாமான் தேய்ந்தால் ஒரு பிள்ளையின் பாடம் போகிறது. “லொறி நமக்கென்ன?” என்று கேட்பவர்களுக்கு இதுவே முதல் பதில்.

வயது என்ற சாட்டு

நிர்வாகத்திடம் கேட்டால் ஒரே பதில்: “லொறிக்கு வயதாகிவிட்டது. கிழட்டு மாட்டை எவ்வளவு அடித்தாலும் இழுக்காது.”

மாட்டுக்கும் எஞ்சினுக்கும் வித்தியாசம் இருக்கிறது. கிழட்டு மாட்டுக்குப் புதுக் கால் பூட்ட முடியாது. எஞ்சினில் தேய்ந்ததைக் கழற்றிப் புதியதைப் பூட்டலாம். அதற்காகத்தானே அதைத் துண்டு துண்டாகச் செய்து வைத்திருக்கிறார்கள்?

யாழ்ப்பாணத்தாரைக் கேளுங்கள். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. அப்போதும் ஐம்பதுகளில் வந்த ஒஸ்டின் ஏ-40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், நோயாளியை ஏற்றினார்கள், கலியாண மாப்பிள்ளையை ஏற்றினார்கள். கியூபாவில் அறுபது வருடத்துக்கு மேலாக அமெரிக்கத் தடை; அதற்கு முந்திய அமெரிக்கக் கார்கள் அங்கே இன்றும் ஓடுகின்றன. வண்டியின் வயது அல்ல, அதைப் பார்க்கும் கைதான் அதை ஓட்டுகிறது.

எங்கள் லொறி எப்படித் தேய்ந்தது என்பதை மறைக்க ஒன்றுமில்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறோம்.

முதலாவது, தூசி. மணல் பாதையில் நாள் முழுக்க ஓடும் வண்டி அது. காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டால் அதைத் தட்டித் தட்டியே திரும்பப் பூட்டுகிறார்கள். கிழிந்த பிறகும் அதுவே கிடக்கிறது. உள்ளே போன மெல்லிய மணல் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் அரத்தால் அராவுவது போல அராவுகிறது.

இரண்டாவது, தண்ணீர். ரேடியேட்டருக்கு ஊற்றுவது சவர்க் கிணற்றுத் தண்ணீர். கேத்தலின் அடியில் சுண்ணாம்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல ரேடியேட்டரின் சின்னக் குழாய்களுக்குள் படிகிறது; உப்பு இரும்பையும் அலுமினியத்தையும் தின்கிறது. தண்ணீர் ஓடும் வழி அடைபட்டால் எஞ்சின் கொதிக்கிறது. கொதித்தால் ஹெட் வளைகிறது, கேஸ்கட் போகிறது. நாம் குடிக்க மறுக்கும் தண்ணீரை எஞ்சினுக்குக் கொடுத்துவிட்டு, “வயதாகிவிட்டது” என்று சொல்வது யாரை ஏமாற்ற?

மூன்றாவது, ஓயில். மாற்றவேண்டிய நாளில் மாற்றுவதில்லை. குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்புகிறார்கள். அழுக்கு ஓயிலில் பெயாரிங் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

தூசியும் சவர்த் தண்ணீரும் அழுக்கு ஓயிலும் வயதால் வந்தவையல்ல. ஒவ்வொன்றும் ஒப்பீஸில் ஒருவர் “இப்போதைக்கு வேண்டாம்” என்று சொல்லி வந்தவை.

காலையில் தள்ளுவது ஏன்?

பெரட்டு முடிந்ததும் ஆண்கள் எட்டுப் பேர் லொறியைத் தள்ளுகிறோம். தேங்காய் பறிக்கப் பேர் போடுகிறார்கள். லொறி தள்ளப் பேர் போடுவதில்லை. ஏன் தள்ளவேண்டியிருக்கிறது என்பதை நம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால்தான் துரை சொல்லும் கதைக்குப் பதில் சொல்லலாம்.

சைக்கிள் பம்பை எடுத்து, வாயை விரலால் அடைத்துக்கொண்டு நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். பம்ப் சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும். டீசல் எஞ்சின் ஓடுவது இந்த ஒரு விதியில்தான். பெற்றோல் எஞ்சினைப் போல இதில் தீப்பொறி போடும் பிளக் இல்லை. உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் பதினெட்டில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்குகிறது. காற்று 500 பாகைக்கு மேல் சூடாகிறது. அதில் இன்ஜெக்டர் டீசலைப் பனிபோலத் தூவுகிறது. டீசல் தானாகப் பற்றுகிறது.

இப்போது பம்பின் உள்ளே இருக்கும் தோல் வாசர் தேய்ந்துவிட்டது என்று வையுங்கள். எவ்வளவு அழுத்தினாலும் காற்று பக்கத்தால் ஓடிவிடும். சூடும் இல்லை, டயருக்குக் காற்றும் இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினும் அப்படித்தான். நெருக்கம் போதாது, சூடு போதாது, டீசல் பற்றாது. அதனால் தள்ளவேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகு நிறுத்தினால் திரும்ப எழும்பாது என்ற பயத்தில் நாள் முழுக்கச் சும்மா ஓடவிடுகிறார்கள். காய் ஏற்றும்போதும் ஓடுகிறது, சாப்பாட்டு நேரத்திலும் ஓடுகிறது. அந்த டீசலுக்குப் பணம் இருக்கிறது. ரிங்குக்குப் பணம் இல்லை!

புகையும் பேசும், கேட்கத் தெரிந்தால். கறுப்புப் புகை வந்தால் டீசல் முழுதாய் எரியவில்லை: இன்ஜெக்டர் நொசில் தூவாமல் ஒழுகுகிறது, அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. நீலப் புகை வந்தால் ஓயில் எரிகிறது: ரிங்கோ வால்வு சீலோ போய்விட்டது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்கவேண்டும். எங்கள் லொறி ஏற்றத்தில் ஏறும்போது கறுப்பும் நீலமும் சேர்ந்தே வருகின்றன. பின்தட்டில் இருக்கும் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள்.

இழுக்கும் வண்டியில் எஞ்சின்தான் பிரேக்

இழுவை குறைவதும் டீசல் வீணாவதும் பணத்தோடு போகும். உயிரோடு சம்பந்தப்பட்டது வேறொன்று இருக்கிறது. அதை நிர்வாகம் ஒருநாளும் வாய் திறந்து சொல்லாது.

இந்த வகை டீசல் லொறிகளில் பிரேக் பெடலுக்கு உதவி செய்வது ஒரு சின்ன வேக்குவம் பம்ப். பல லொறிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் இருக்கும். எஞ்சின் சுற்றினால்தான் அது சுற்றும். பெல்ட் தளர்ந்தாலும், பம்ப் தேய்ந்தாலும், அதற்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்தாலும் உதவி குறையும். எஞ்சின் நின்றுவிட்டால் ஓரிரு முறை மிதிக்கும் வரைக்கும்தான் சேமிப்பு இருக்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும். சாரதி இரண்டு காலாலும் ஏறி நின்றாலும் முன்போல் பிடிக்காது. அதாவது, எஞ்சின் நின்றுபோகும் நோய் உள்ள லொறி பிரேக்கும் போகும் லொறி.

பின்னால் இழுவை இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எங்கள் பவுசருக்குத் தனி பிரேக் கிடையாது. மூவாயிரம் லீற்றர் தண்ணீர் மூன்று தொன். தாங்கியின் எடை வேறு. லொறி பிரேக் பிடித்தால் பவுசர் பின்னாலிருந்து தள்ளும். தாங்கி பாதி நிறைந்திருந்தால் தண்ணீர் முன்னுக்கு அலையடித்து இன்னொரு தள்ளுத் தள்ளும். சரிவில் இறங்கும்போது நல்ல சாரதி கியரைக் குறைத்து எஞ்சினையே பிரேக்காக வைத்துக்கொள்வார். ரிங் தேய்ந்து நெருக்கம் இழந்த எஞ்சின் அப்படிப் பிடித்து நிற்காது, வண்டியை உருளவிடும்.

அதனால் “இஞ்சின் வேலை பிறகு பார்க்கலாம், பிரேக் மட்டும் பார்த்தாயிற்று” என்ற பேச்சை நாம் ஏற்க முடியாது. சக்கரத்தில் புது பிரேக் கட்டை பூட்டிவிட்டு, அதை இயக்கும் பம்பையும் பெல்ட்டையும் விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

தண்டவாளத்தில் நின்ற லொறி

கொழும்பிலிருந்து சிலாபம், பத்துளுஓயா, முந்தல், பாலாவி வழியாகப் புத்தளத்துக்குப் போகும் ரயில் பாதை நம் கரையோரத் தோட்டங்களையும் கிராமங்களையும் ஊடறுத்துப் போகிறது. தோட்டத்திலிருந்து பெரிய வீதிக்கு வரவேண்டுமானால் பலர் தண்டவாளத்தைக் கடக்கவேண்டும். கடவைக்குக் கடவை காவலாளி கிடையாது.

எங்கள் லொறி ட்ரெயிலரோடு அப்படி ஒரு கடவையில் நின்றுபோனது. முன்சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது. ட்ரெயிலர் தண்டவாளத்தின் மேல். பின்தட்டில் பன்னிரண்டு பெண்கள். குதித்து இறங்கித் தள்ளினார்கள். மணலில் புதைந்த சக்கரம் அசையவில்லை. வீதியால் போனவர்கள், சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோருமாக ஓடி வந்து தோள்கொடுத்துத்தான் அது கரையேறியது. ரயில் வரும் நேரமாக அது இருக்கவில்லை. அந்த ஒரு காரணத்தால்தான் இன்று இதைக் கோரிக்கையாக எழுதுகிறோம். இல்லாவிட்டால் அஞ்சலிக் குறிப்பாக எழுதியிருப்போம்.

ரயிலின் முன்னால் ஒரு வாகனம் என்ன ஆகும் என்பதை இந்த நாடு பார்த்திருக்கிறது. 2005 ஏப்ரல் 27 அன்று பொல்கஹவெலக்கு அருகே யாங்கல்மோதர கடவையில் பஸ் ஒன்று ரயிலில் அகப்பட்டு முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே நடந்தது வேறு. நம் கடவையில் நடந்தது வேறு. ஆனால் ரயிலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

எங்கள் லொறி ஏன் நின்றது? டீசல் தாங்கியிலிருந்து வரும் ரப்பர் குழாய் வெடிப்பு விட்டுக் காற்றை இழுத்திருக்கிறது. சமதரையில் சமாளித்த எஞ்சின், இழுவையோடு கடவை மேட்டில் ஏறும்போது டீசல் போதாமல் அணைந்துவிட்டது. ஒரு சாண் ரப்பர் குழாய், இரண்டு கிளிப். சாரதி அதைப் பற்றி லொக் புத்தகத்தில் மூன்று முறை எழுதியிருந்தார். மூன்று முறையும் கீழே கையெழுத்து விழுந்திருக்கிறது. குழாய் மட்டும் வரவில்லை. சம்பவத்துக்குப் பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, அதுவும் சாரதிக்குத்தான்!

அவர்கள் சொல்வதும் நாங்கள் சொல்வதும்

“புது லொறி வரும் வரை பொறுங்கள்” என்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அப்போது “புது லொறி வாங்க முடியாது, பொறுங்கள்” என்றார்கள். பொறுத்தோம். 2022இல் டொலர் இல்லை என்றார்கள். டீசல் 2021 டிசம்பரில் 121 ரூபாய் விற்றது, 2022 ஜூனில் 460 ரூபாய் ஆனது. வரிசையில் நின்றோம், பொறுத்தோம். 2025இல் இறக்குமதி திறந்துவிட்டது. புது லொறியும் வரவில்லை, பழைய லொறிக்கு ரிங்கும் வரவில்லை. சொல்லப்போனால், புது வண்டி வராது என்று தெரிந்த அந்த ஐந்து வருடத்தில்தான் இருந்த வண்டியை இன்னும் கவனமாகப் பார்த்திருக்கவேண்டும். மூன்று சக்கர வண்டி வைத்திருக்கும் ஏழை அப்படித்தான் பார்த்தான். அது அவனுடைய சோறு.

“உதிரிப்பாகம் கிடைக்காது” என்கிறார்கள். தெருவுக்குத் தெரு ஓடும் ஜப்பானிய நான்கு சிலிண்டர் லொறி இது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் இதற்கு இல்லாத சாமான் இல்லை. புதிதும் உண்டு, ரீகண்டிஷனும் உண்டு. கிடைக்காததல்ல, கேட்டு அனுப்பாததுதான் குறை.

“தோட்டத்தில் பணம் இல்லை” என்கிறார்கள். 2024 கடைசியிலிருந்து தேங்காய் விலை எங்கே போனது என்று கடைக்குப் போகும் நம் பெண்களுக்குத் தெரியும். ஒரு காய் 200 ரூபாயைத் தாண்டி விற்றது. நம் கையால் பொறுக்கிய காயை நாமே வாங்க முடியாமல் அரைமூடித் தேங்காயில் குழம்பு வைத்தோம். விலை குறைந்தபோது “கஷ்டத்தில் பங்கெடுங்கள்” என்றவர்கள், விலை ஏறியபோது ஒரு ரேடியேட்டரைக் கூட நம்மோடு பங்கிடவில்லை.

“சாரதி முரட்டுத்தனமாக ஓட்டுகிறார், ஆட்கள் பாரம் கூட்டுகிறார்கள்” என்கிறார்கள். பாரம் எவ்வளவு என்று தீர்மானிப்பது யார்? ஒரே நடையில் முடித்துவிடு, டீசல் மிச்சம் என்று சொல்வது யார்? அந்தக் கட்டளையை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டால் ஏன் வாய் மூடுகிறது?

கடைசியாக, மெதுவாகச் சொல்லும் ஒன்று உண்டு: “தோட்டத்து லொறியே வேண்டாம், வெளி லொறியைக் கொந்தராத்துக்கு விடலாம்.” தோழர்களே, இதை உன்னிப்பாகக் கேளுங்கள். இன்று லொறி கொந்தராத்துக்குப் போனால் சாரதியும் உதவியாளரும் போவார்கள். நாளை ஏற்றும் வேலை அந்த லொறிக்காரனின் ஆட்களுக்கு. அதன் பிறகு பறிப்பு, உரிப்பு. ஊழியர் சேமலாப நிதி இல்லாத, லீவு இல்லாத, பெயர்ப் பதிவே இல்லாத நாட்கூலிகளாக நம் இடத்தில் நம் பிள்ளைகளே போய் நிற்பார்கள். லொறியைப் பழுதாகவே விட்டுவைப்பது அந்த வழிக்கு முதல் படி. கொந்தராத்து லொறி நம் லயத்துக்குத் தண்ணீர் இழுக்குமா? பாம்பு கடித்தவனை நடு இரவில் சிலாபம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுமா?

ஒட்டுப்போடுவது வேறு, பழுது பார்ப்பது வேறு

ஒன்றும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. செய்தார்கள். ஹெட் கேஸ்கட் இரண்டு முறை மாற்றினார்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று ஒரு முறையும் அளக்கவில்லை. எஞ்சின் ஏன் கொதித்தது என்று ரேடியேட்டரைத் திறந்தும் பார்க்கவில்லை. காரணத்தை உள்ளே விட்டுவிட்டு விளைவை மாற்றினால் அது திரும்ப வராமல் என்ன செய்யும்? அடுத்த முறை கொதித்தபோது தெர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்தார்கள். பல எஞ்சின்களில் அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றித் திரும்பும். நோய்க்கு மருந்து கொடுக்காமல் வெப்பமானியை உடைத்த கதை.

ஒழுங்கான வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. எந்த நல்ல கராஜ் பாஸும் இதையே சொல்வார். முதலில் அளக்கவேண்டும்: ஒவ்வொரு சிலிண்டரின் நெருக்கம், ஓயில் அழுத்தம், தண்ணீரின் சூடு. இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பம்ப் கடையில் தூவல் பார்க்கவேண்டும். பிறகு மலிவானதை ஒரேயடியாக மாற்றவேண்டும்: பெல்ட், ரப்பர் குழாய்கள், மூன்று வடிகட்டிகள், தெர்மோஸ்டட், ரேடியேட்டர் மூடி. இவை உடையும் வரை காத்திருக்கும் சாமான்கள் அல்ல, காலம் பார்த்து மாற்றும் சாமான்கள். அடுத்தது வாட்டர் பம்ப், வேக்குவம் பம்ப், நொசில், கிளச் பிளேட். நெருக்கம் குறைந்திருந்தால் கடைசியாக எஞ்சினைத் திறந்து ரிங், லைனர், பெயாரிங். தேய்ந்த லைனருக்குப் புது ரிங் மட்டும் போட்டால் அதுவும் ஒட்டுத்தான். இழுவைக் கொக்கியின் ஆணியையும் பாருங்கள்: இன்று அதில் கிடப்பது ஒரு இரும்புக் கம்பித் துண்டு. பாதுகாப்புச் சங்கிலியே இல்லை.

செலவாகும். ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். லொறி நின்ற நாளில் முப்பது பேருக்கு அரைப் பேர் போட்டால், பதினைந்து முழுப் பேர் நம் பையிலிருந்து போகிறது. அப்படிப் பத்து நாள் என்றால் நூற்றைம்பது பேர். எஞ்சின் வேலையின் செலவை நிர்வாகம் மிச்சம் பிடிக்கவில்லை. அதை நம்மிடம் தவணை முறையில் அறவிடுகிறது.

சட்டம் யார் பக்கம்?

லொறிக்கு வருடாவருடம் தகுதிச் சான்றிதழ் வேண்டும். 2008 முதல் புகைப் பரிசோதனையும் நடக்கிறது. பரிசோதனை நாளுக்கு மட்டும் பம்பைத் திருகிவிட்டுப் புகையைக் குறைக்கலாம். அந்தக் காகிதம் பிரேக் பம்பைப் பற்றியோ தண்டவாளத்தில் நின்றதைப் பற்றியோ ஒன்றும் சொல்லாது. பொருள் ஏற்றும் லொறியில் ஆட்களை ஏற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு என்பதும் நிர்வாகத்துக்குத் தெரியும்.

1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டப்படி, வேலையின் காரணமாக வேலை நேரத்தில் ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் நட்டஈடு கொடுக்கவேண்டியவர் தொழில் கொள்வோர். ஆனால் நட்டஈடு என்பது கால் போன பிறகு வரும் காசு. நாம் கேட்பது கால். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டம் சம்பளத்தில் கண்டபடி கழிக்க இடம்கொடுக்கவில்லை. தென்னந்தோட்டத் தொழிலும் அதன் கீழ் சம்பளச் சபை உள்ள தொழில்தான். பெரட்டுக்கு வந்து நின்ற தொழிலாளிக்கு, லொறி எழும்பவில்லை என்பதற்காகப் பேரைப் பாதியாக்குவது எந்த வகையில் நியாயம் என்று தொழில் அலுவலகத்தில் வைத்துக் கேட்போம்.

எங்கள் கோரிக்கைகள்

1. எஞ்சினும் பிரேக்கும் அளந்து பார்க்கப்பட்டு, பாஸின் எழுத்து அறிக்கை சங்கக் கிளைக்கும் தரப்படும் வரை, ட்ரெயிலரோ பவுசரோ கொழுவிய லொறியில் ஒரு தொழிலாளியையும் ஏற்றக்கூடாது.

2. அந்த நாட்களில் லயத்துக்குத் தண்ணீர் நிற்கக்கூடாது. வேறு வாகனத்தில் கொண்டுவரும் பொறுப்பு நிர்வாகத்துடையது.

3. பெல்ட், ரப்பர் குழாய், வடிகட்டி, தெர்மோஸ்டட், வேக்குவம் பம்ப், இழுவை ஆணி, பாதுகாப்புச் சங்கிலி ஆகியவை உடனே மாற்றப்படவேண்டும். எஞ்சினின் பெரிய வேலைக்கு, அடுத்த பறிப்புக்கு முந்திய ஒரு திகதி எழுத்தில் தரப்படவேண்டும்.

4. ரேடியேட்டருக்குச் சவர்த் தண்ணீர் ஊற்றுவது நிறுத்தப்படவேண்டும்.

5. லொக் புத்தகம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படவேண்டும். சாரதி எழுதும் குறைக்கு மூன்று நாளில் பதில் எழுதப்படவேண்டும். கிளைத் தலைவர் அதைப் பார்க்க அனுமதி வேண்டும். பழுதான வண்டியை ஓட்ட மறுத்த சாரதி மீது நடவடிக்கை கூடாது. தண்டவாளச் சம்பவத்துக்காக அவருக்கு அனுப்பிய கடிதம் வாபஸ் பெறப்படவேண்டும்.

6. லொறி பழுதால் போன அரைப் பேர்கள் முழுப் பேராகத் திருத்தப்படவேண்டும்.

தோழர்களே, தோழியரே, புதுக் கட்டடமோ போனஸோ இந்தக் கோரிக்கைகளில் இல்லை. தேய்ந்ததை மாற்று என்கிறோம், அவ்வளவுதான். இதைக் கூடக் கேட்டு வாங்க முடியாவிட்டால் நாளை சம்பளத்தைக் கேட்க எந்த முகத்தோடு போவது?

ஒவ்வொரு லயத்திலும் ஒரு கொப்பி வையுங்கள். லொறி நின்ற நாள், தண்ணீர் வராத நாள், பேர் பாதியான நாள், பிள்ளை பள்ளிக்கூடம் போகாத நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் எழுதுவார்கள், அதற்குத்தான் படிப்பிக்கிறோம். பக்கத்து லயத்துச் சிங்களத் தோழர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் அதே பவுசர் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்; அதே பின்தட்டில்தான் ஏறுகிறார்கள். அடுத்த சம்பள நாளுக்கு முந்திய கிளைக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகளோடு வாருங்கள். முதலில் துரையின் ஒப்பீஸுக்குப் போவோம். அங்கே பதில் இல்லாவிட்டால் தொழில் அலுவலகத்துக்குப் போவோம்.

அதுவரை ஒரு தீர்மானம்: ட்ரெயிலர் கொழுவிய அந்த லொறியில் தண்டவாளத்தை நாம் யாரும் ஏறிக் கடப்பதில்லை. இறங்கி நடப்போம், எல்லோரும் சேர்ந்து.